கூண்டில்லாமல் கினிப்பன்றி வளர்ப்பது

சென்னையில் மூன்றாம் மாடி வீடு, ஏறத்தாழ ஒரு வயது நிரம்பிய இரண்டு பெண் கினிப்பன்றிகள், வழவழப்பான டைல்ஸ் தரை, ஐந்து வயதில் ஒரு மகள், பகலில் ஆறு மணி நேரம் வீட்டில் எவரும் இல்லாத நிலை. கடையில் கொடுத்த இரண்டடிக் கூண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, வீடு முழுவதும் அவற்றை இரவும் பகலும் திரியவிடலாமா என்பது உங்கள் கேள்வி. கூண்டைத் தாராளமாக எடுத்துவிடுங்கள். அது எலிப்பொறியைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். ஆனால் வீடு முழுவதையும் திறந்துவிட வேண்டாம். கூடத்தின் ஒரு பகுதியை, 15 சதுர அடிக்குக் குறையாமல், கம்பித் தட்டிகளால் தடுத்து அவற்றின் நிரந்தர இருப்பிடமாக்குங்கள். நீங்கள் வீட்டில் விழித்திருக்கும் வேளையில் மட்டும் அதன் வாயிலைத் திறந்து கூடத்தையும் அவற்றுக்கு விடுங்கள். பதினோர் ஆண்டுகளாக இந்த விலங்குகளுடன் குடித்தனம் நடத்தி, நீங்கள் செய்ய நினைப்பதை நானே ஒருமுறை செய்து பார்த்து, அதில் பட்டும் தெளிந்தும் வந்த கருத்து இது. காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கினிப்பன்றி பன்றியும் இல்லை, கினி நாட்டிலிருந்து வந்ததும் இல்லை. தென் அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் கொறிவிலங்குகளின் வழிவந்தது. அதன் காட்டு உறவினங்கள் உயர்ந்த புற்களுக்கிடையே தாமே நடந்து நடந்து உண்டாக்கிய சிறு தடங்களில்தான் ஓடும். வெட்டவெளிக்கு வந்தால் பருந்துக்கு இரையாகிவிடும். தலையின் இரு பக்கங்களிலும் அமைந்த கண்கள் ஏறத்தாழ நான்கு திசைகளையும் ஒரே நேரத்தில் பார்க்க உதவுகின்றனவே தவிர, எதிரே இருக்கும் பள்ளத்தின் ஆழத்தைத் துல்லியமாகக் கணிக்க உதவுவதில்லை. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கிறது என்றால், இவற்றின் காது 50,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். சுருங்கச் சொன்னால், எந்த நேரமும் எவரேனும் தன்னைப் பிடித்துத் தின்றுவிடக்கூடும் என்ற எதிர்பார்ப்போடு படைக்கப்பட்ட உயிர் அது. நம் கண்ணுக்கு ‘நல்ல விசாலமான இடம்’ என்று படும் வெறும் தரை, அதன் கண்ணுக்கு ஒளிய ஒரு புதரும் இல்லாத பொட்டல்.

என் முதல் இணையைக் கொண்டுவந்த ஒரு மாதத்தில், கூண்டில் கிடப்பதைப் பார்க்கச் சகியாமல், கூடத்தில் இருந்தவற்றையெல்லாம் ஒதுக்கிப் பளிச்சென்று துடைத்து, ‘ஓடுங்கள்’ என்று திறந்துவிட்டேன். இரண்டும் சுவரோரமாகவே ஓடிப்போய் திவானுக்கு அடியில் புகுந்தன. மூன்று நாட்கள் அங்கிருந்து வெளியே வரவில்லை. இரவில் நான் விளக்கை அணைத்த பிறகு, தட்டில் வைத்த கொத்தமல்லியை மட்டும் வந்து இழுத்துக்கொண்டு உள்ளே போயின. அவை சுதந்திரத்தை விரும்பவில்லை போலும் என்று நான் எண்ணிக்கொண்டேன். நான்காம் நாள் தற்செயலாக, பார்சல் வந்த இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கூடத்தின் நடுவே போட்டுவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஒன்று ஒரு பெட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் புரிந்துகொண்டு, இரண்டு மூன்று அடிக்கு ஒன்றாக, இரு பக்கமும் வாயில் வெட்டிய பெட்டிகளையும், பழைய முக்காலியின் மேல் துணி போர்த்திய மறைவுகளையும், பக்கவாட்டில் சாய்த்த மண்பானை ஒன்றையும் வைத்தேன். ஒரு மறைவிலிருந்து அடுத்த மறைவுக்கு நாலு தாவலில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற உறுதி கிடைத்ததும் கூடத்தைக் குறுக்கே கடக்கத் தொடங்கின. அடுத்த வாரம், நின்ற இடத்திலேயே நான்கு கால்களும் தரையை விட்டெழ உடலை முறுக்கிக் குதிக்கும் அந்த ஆனந்தத் துள்ளலையும் பார்த்தேன். ஆகவே, இவற்றைத் திறந்துவிட நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது கூடத்தைக் காலி செய்வதன்று, ஒளிவிடங்களால் நிரப்புவது. ஒவ்வொரு மறைவுக்கும் இரண்டு வாயில்கள் இருக்கட்டும். ஒற்றை வாயில் இருந்தால், வலிமை மிகுந்தது மற்றதை உள்ளே வைத்து மடக்கிவிடும்.

‘பெருவில் அடுக்களையிலேயே சுதந்திரமாக வளர்க்கிறார்களே’ என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உண்மைதான். பெரு, பொலிவியா, எக்குவடோர் நாடுகளின் ஆண்டிஸ் மலைக் கிராமங்களில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவை வீட்டு விலங்காகிவிட்டன. கெச்சுவா மொழி பேசும் மக்கள் இவற்றை இவை எழுப்பும் ஒலியையே ஒத்த ‘குய்’ என்ற பெயரால் அழைக்கிறார்கள். 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இரவுக் குளிர் கடுமையாக இருப்பதால், அடுப்பின் வெம்மையை நாடி அவை அடுக்களையில் திரிவதும், காய்கறித் தோலையும் குதிரைமசாலையும் தரையில் போட்டாலே தின்று வளர்வதும் அங்கே வழக்கம். ஆனால் அந்த அடுக்களையின் தரை மண். அங்கே தரையோரமாக ஓடும் மின்கம்பிகள் இல்லை. பினாயில் போட்டுத் துடைப்பதில்லை. அதைவிட முக்கியமாக, அவை உணவுக்காக வளர்க்கப்படுபவை. குஸ்கோ தேவாலயத்தில் மார்க்கோஸ் சபாத்தா 18-ஆம் நூற்றாண்டில் வரைந்த இயேசுவின் இறுதி விருந்து ஓவியத்தில், மேசை நடுவே தட்டில் கிடப்பது குய் என்றே அவ்வூர்க்காரர்கள் காட்டுவார்கள். சில மாதங்களில் சட்டிக்குப் போகும் விலங்கின் பாதம் ஆறாம் வருடத்தில் என்ன ஆகும் என்று அங்கே எவரும் கவலைப்பட வேண்டியதில்லை. நம் வீட்டில் அது ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வாழப் போகிறது.

பாதத்தைப் பற்றிச் சொன்னதால் தரையிலிருந்தே தொடங்குகிறேன். என் அனுபவத்தில் நம் ஊர் வீடுகளில் பெரும்பாலான தொல்லைகள் தரையில்தான் பிறக்கின்றன. கினிப்பன்றியின் முன்கால்களில் நான்கு விரல்கள், பின்கால்களில் மூன்று விரல்கள். உள்ளங்காலில் மயிர் கிடையாது, மெல்லிய தோல் மட்டுமே. டைல்ஸில் திடீரென்று பாயும்போது பின்கால்கள் இரு பக்கமும் வழுக்கி விரிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாளொன்றுக்குப் பத்து முறை இப்படி வழுக்கும் விலங்கு, விரைவிலேயே ஓடுவதை நிறுத்திவிடும். வயதானதென்றால் மூட்டு வலியும் சேர்ந்துகொள்ளும். அதைவிடக் கொடியது பாதப்புண். கடினமான தரையிலோ ஈரத்திலோ நெடுநேரம் உட்கார்ந்திருக்கும் கனத்த உடலின் எடை உள்ளங்காலை அழுத்த, தோல் சிவந்து, தடித்து, வெடித்து, கிருமி புகுந்து எலும்பு வரை போய்விடும். தொடக்கத்தில் சிவப்பாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் தரையை மாற்றினாலே ஆறிவிடும். முற்றினால் மாதக்கணக்கில் கட்டுப் போட வேண்டியிருக்கும். வாரம் ஒருமுறை கையில் எடுத்து நான்கு பாதங்களையும் திருப்பிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

விரிப்புக்கு நான் பலவற்றை முயன்றிருக்கிறேன். தேங்காய் நார் விரிப்பு பாதத்தை உராய்ந்துவிடும். ஜமக்காளத்தில் பிரியும் நூல் நகத்தில் சிக்கும். ஒருமுறை விரலைச் சுற்றி இறுகிய நூலைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. குழந்தைகள் விளையாடும் நுரைப் பலகை விரிப்பைக் கடித்து விழுங்கிவிடும் என்பதால், குடலடைப்புக்கு அஞ்சி அதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். கோரைப்பாயைப் படுக்கை என்று நினைத்து நான் விரித்தேன். அவை அதைச் சாப்பாடு என்று முடிவு செய்து ஒரு வாரத்தில் ஓரம் முழுவதையும் தின்று தீர்த்தன. சாயம் ஏற்றாத பாயாக இருந்ததால் தீங்கொன்றும் நேரவில்லை. கடைசியில் நிலைத்தது, அடியில் இரண்டு மடிப்புப் பழைய பருத்தித் துண்டு, அதன் மேல் கம்பளி போன்ற ஃப்ளீஸ் துணி என்ற ஏற்பாடுதான். சிறுநீர் மேல்துணி வழியாக இறங்கி அடித்துண்டில் தங்கிவிடுவதால் பாதம் ஈரமாவதில்லை. புதிய ஃப்ளீஸ் துணியை இரண்டு மூன்று முறை துவைத்த பிறகுதான் நீர் அதில் இறங்கும். துணி மென்மையூட்டும் திரவம் சேர்த்தால் மறுபடி இறங்காமல் நின்றுவிடும். இருப்பிடம் முழுவதும் இதை விரித்துவிட்டு, கூடத்தில் அவை வழக்கமாக ஓடும் தடத்தில் மட்டும் ஒன்றரை அடி அகலத்தில் நீளவாக்கில் ஒன்றைப் போட்டால் போதும். வெறும் தரை இருந்தாலும் விரிப்பின் மேலேயேதான் ஓடும். மரப்பட்டறையிலிருந்து தூள் வாங்கி வந்து கொட்டுவதை மட்டும் செய்யாதீர்கள்; அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும், அது எந்தப் பசையும் மருந்தும் ஏறிய பலகையின் தூள் என்பதும் நமக்குத் தெரியாது.

அடுத்தது பல். வாயில் மொத்தம் 20 பற்கள். முன்பற்கள் மட்டுமன்றிக் கடைவாய்ப் பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. அவை தேய வேண்டுமென்றால் நாள் முழுவதும் நார் மிகுந்த புல்லை அரைத்துக்கொண்டிருக்க வேண்டும். புல் தீர்ந்துவிட்ட நேரத்தில் வாய்க்குக் கிடைத்ததைக் கடிக்கும். எங்கள் வீட்டில் அது கைப்பேசி சார்ஜரின் வெள்ளைக் கம்பியாக இருந்தது. நான் அருகிலேயே நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன், சத்தமே இல்லை. கம்பி கையோடு வந்தபோதுதான் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் இரண்டாகியிருப்பதைக் கண்டேன். சார்ஜரின் மறுமுனையில் ஐந்து வோல்ட் மட்டுமே என்பதால் அந்தக் கினிப்பன்றி பிழைத்தது. அதுவே குளிர்பதனப் பெட்டியின் கம்பியாகவோ இன்வெர்ட்டரின் கம்பியாகவோ இருந்திருந்தால் 230 வோல்ட். ஆகவே தரையிலிருந்து ஓரடி உயரம் வரை தென்படும் ஒவ்வொரு கம்பியும் பிளாஸ்டிக் குழாய்க்குள் போக வேண்டும், அல்லது சுவரில் மேலே ஏற வேண்டும். தொலைக்காட்சி மேசைக்குப் பின்னால், பீரோவுக்கும் சுவருக்கும் இடையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அடியில் உள்ள இடுக்குகளை அட்டையால் அடைத்துவிடுங்கள். மூன்று அங்குல இடுக்கு கிடைத்தாலே உள்ளே போய்விடும். திரும்பி வருவது அதன் விருப்பம்.

நம் வீடுகளுக்கே உரிய சில ஆபத்துகளை அயல்நாட்டு வளர்ப்புக் குறிப்புகளில் காண முடியாது. எறும்புப் பொடி, கரப்பானுக்குக் கோடு போடும் சாக்பீஸ், பீரோவின் அடித்தட்டில் உருண்டு கிடக்கும் அந்துருண்டை, பின்கட்டில் எலிக்கு வைத்த விஷ வில்லை ஆகிய அனைத்தும் தரை மட்டத்தில் இருப்பவை. தரையை முகர்ந்துகொண்டே நடக்கும் விலங்கின் மூக்குக்கு நேர் எதிரே இருப்பவை. எலி விஷங்களில் பல, இரத்தம் உறையாமல் செய்து, சில நாட்கள் கழித்தே கொல்லும். ஆகவே தின்றதைப் பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. தொட்டிச் செடிகளில் மணி பிளான்ட்டும் டைஃபன்பேக்கியாவும் வாயைப் புண்ணாக்கும். அரளி உயிரையே எடுத்துவிடும். கூடத்தில் ஊஞ்சல் இருந்தால், இவை வெளியே திரியும் நேரத்தில் அதைக் கழற்றிச் சங்கிலியோடு மேலே கட்டிவிடுங்கள். சாய்வு நாற்காலியையும் அப்படியே ஒதுக்கிவிடுங்கள். கதவுகளைக் காற்று அறைந்து சாத்தாதபடி கட்டையிட்டு நிறுத்துங்கள். சமையலறை சன்னல் வழியாகப் பூனை வரும் வீடென்றால் வலை அடிக்காமல் இந்தப் பேச்சையே தொடங்க வேண்டாம்.

சிறுநீர், புழுக்கை பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். ஒரு கினிப்பன்றி நாளொன்றுக்கு நூறு புழுக்கைக்கும் மேல் போடும். முயலைப் போல் முழுமையாக ஒரே இடத்தில் கழிக்கப் பழக்கிவிடலாம் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். பாதி வெற்றி கிடைக்கும், அதுவும் நாம் அவற்றைப் பழக்குவதால் அன்று. அவற்றின் வழக்கத்துக்கு நாம் இணங்கிப்போவதால். சாப்பிட்டுக்கொண்டே கழிப்பது அவற்றின் இயல்பு. இருட்டான மூலையை விரும்புவதும் இயல்பு. ஆகவே ஒரு வாரம் அவை எந்த மூலைகளை நாடுகின்றன என்று பார்த்து, அங்கே தாழ்ந்த விளிம்புள்ள தட்டை வைத்து, அதன் மேலேயே புல்லையும் போட்டுவிட்டால், சிறுநீரில் பெரும்பகுதி தட்டுக்குள் விழும். புழுக்கை உலர்ந்தே இருக்கும். துடைப்பமும் முறமும் போதும். டைல்ஸில் காய்ந்த சிறுநீர் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படலமாக நிற்கும். இவற்றின் உடல் மிகுதியான கால்சியத்தைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதுதான் காரணம். சோப்பு நீரில் எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது; வினிகரும் நீரும் சம அளவில் கலந்து ஊற்றி ஐந்து நிமிடம் விட்டால், சிறு சிறு குமிழாகப் பொங்கி, துணியால் ஒற்றியதும் வந்துவிடும். ஆனால் தரை மார்பிளாகவோ கடப்பைக் கல்லாகவோ இருந்தால் வினிகர் அந்தக் கல்லையே அரித்துவிடும். அங்கே உடனுக்குடன் துடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. பினாயில், குறிப்பாகக் கறுப்புப் பினாயில், இவை நடக்கும் தரையில் ஒரு சொட்டும் வேண்டாம். நடந்த பாதத்தை அவை நக்கும்.

வெயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை இவற்றுக்கு இதமான வெப்பம். 27, 28 டிகிரியைத் தாண்டினாலே வெப்பத் தாக்குதலுக்கான அபாயம் தொடங்குகிறது. வியர்க்கவும் தெரியாது, நாயைப் போல் நாக்கை நீட்டி இளைத்து உடலைக் குளிர்விக்கவும் தெரியாது. சித்திரை, வைகாசியில் சென்னை மூன்றாம் மாடியின் பிற்பகல் எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயத்தில் டைல்ஸ் தரை நமக்குத் துணை. விரிப்பில்லாத குளிர்ந்த தரையில் ஒரு பகுதியை அவற்றுக்குத் திறந்து வைத்தால், தாமாகவே போய் வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொள்ளும். முன்பு சொன்ன மண்பானையை வெளிப்புறம் நனைத்து வைத்தால் உள்ளே குளுமையாக இருக்கும். நீரை உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றி வைப்பதும் பயன்படும். பகலில் வீடு பூட்டிக் கிடக்கும் உங்கள் ஆறு மணி நேரம் கோடையில் மிக மோசமான ஆறு மணி நேரமாக இருக்கும் என்பதால், அவற்றின் இருப்பிடத்தை மேற்குச் சுவரை ஒட்டி அமைக்காதீர்கள். குளிர்சாதனம் இல்லையென்றால் உச்சிக் கோடையில் அந்நேரம் அருகில் யாரேனும் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். வாயில் எச்சில் வழிய, மூச்சு வேகமாக வாங்க, துவண்டு கிடந்தால், பனிக்கட்டி நீரில் முக்காமல், சாதாரணக் குளிர்ந்த நீரால் காதுகளையும் பாதங்களையும் நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இனி, வீடு முழுவதும் திறந்துவிடுவதற்கு எதிராக நான் வைக்கும் வலுவான காரணத்துக்கு வருகிறேன். இரையாக வாழ்ந்த விலங்கு தன் நோயை மறைக்கும். கினிப்பன்றி அரை நாள் சாப்பிடாவிட்டாலே கவலைப்பட வேண்டும். ஒரு நாள் முழுவதும் சாப்பிடாவிட்டால் குடல் இயக்கம் நின்று உயிருக்கே ஆபத்து. கட்டுக்குள் உள்ள இடத்தில் வளரும்போது யார் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை, புழுக்கை சிறுத்திருக்கிறதா, சிறுநீரில் சிவப்பு தெரிகிறதா என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வீடு முழுவதும் திரியும்போது, கட்டிலுக்கு அடியில் ஒன்று சும்மா உட்கார்ந்திருந்தால் தூங்குகிறது என்று நினைத்துக் கடந்து போய்விடுவோம். எனக்கு அப்படித்தான் நேர்ந்தது. இரண்டில் மூத்தது வழக்கம்போல் உறும, இளையது வழக்கம்போல் ஒதுங்கியிருக்கிறது என்று பத்து நாட்கள் இருந்துவிட்டேன். கையில் எடுத்தபோது முதுகெலும்பு விரலில் தட்டுப்பட்டது. மாதத் தொடக்கத்தில் 910 கிராம் இருந்தது, சமையலறைத் தராசில் வைத்தபோது 740 காட்டியது. கடைவாய்ப் பல் ஒன்று கோணி வளர்ந்து நாக்கை அழுத்திக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஞாயிறு காலை எடை பார்ப்பதை நான் தவறவிட்டதில்லை. ஒரு வாரத்தில் 50 கிராம் குறைந்தால் கவனிக்கிறேன், 100 கிராம் குறைந்தால் காத்திருப்பதில்லை.

இதையொட்டி இரண்டு குறிப்புகள். நம்மைப் போலவே இவற்றின் உடலும் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. நார்வேயில் 1907-இல் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்னும் இருவர், இந்த வைட்டமின் குறைவால் வரும் ஸ்கர்வி நோயை ஆராய முடிந்ததற்கே இவை காரணம்; தானியத்தை மட்டும் தின்ற கினிப்பன்றிகளுக்கு மாலுமிகளுக்கு வருவது போன்ற அந்நோய் வந்தது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். சிறிதளவு கொய்யா அல்லது ஒரு துண்டு குடைமிளகாய் அதைத் தந்துவிடும். நீரில் சொட்டாக விடும் வைட்டமின் சில மணி நேரத்திலேயே வலுவிழந்துவிடுவதால் அதை நம்ப வேண்டாம். திறந்துவிட்ட பிறகும் நகர மறுத்து, மூட்டு விறைத்து நடக்கும் விலங்குக்குச் சோம்பல் என்று பெயர் வைக்காமல், முதலில் இந்தக் குறையைச் சந்தேகியுங்கள். மற்றொன்று மருந்து. நாய், பூனைக்குத் தயக்கமின்றிக் கொடுக்கும் அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால், கினிப்பன்றியின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து நச்சுக்கிருமி பெருகி அது இறந்துவிடக்கூடும். எனக்கு ஒருமுறை அந்த மருந்தே எழுதித் தரப்பட்டது. கேள்வி கேட்டதால் மாற்றித் தந்தார்கள். மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இரண்டும் பெண் என்று கடையில் சொன்னதை நம்பிவிடாமல், ஒருமுறை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். கடையில் பால் மாற்றிச் சொல்வது அன்றாடம் நடப்பது. நான்கைந்து வாரக் குட்டியே சினைப்படக்கூடியது. ஏழெட்டு மாதம் வரை ஈனாத பெண்ணின் இடுப்பெலும்பு இணைப்பு இறுகிவிடுவதால், அதற்குப் பிறகு வரும் முதல் பிரசவம் தாயைக் கொன்றுவிடக்கூடும். உங்களிடம் இருப்பவை அந்த வயதைத் தாண்டியவை. இரண்டாக வைத்திருப்பது மிகச் சரி. சுவிட்சர்லாந்தில் 2008-இல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி கினிப்பன்றியைத் தனியாக வளர்ப்பதே கூடாது. துணைக்கு முயலை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். முயல் ஓர் உதை விட்டால் எலும்பு முறியும், அதன் மூக்கில் நோயின்றித் தங்கும் கிருமி இவற்றுக்கு நிமோனியாவாக மாறும்.

உங்கள் மகளைப் பொறுத்தவரை, தரையில் உட்கார்ந்துதான் அவற்றோடு பழக வேண்டும், நின்றுகொண்டு தூக்கக் கூடாது என்ற ஒரே விதி போதும். சோபா உயரத்திலிருந்து விழுந்தாலே கால் முறியும். ஐந்து வயதுக் கையிலிருந்து துள்ளி விழுவது அடிக்கடி நடக்கும். அவற்றின் தோலில் மயிர் உதிர்ந்த வட்டமான திட்டு தெரிந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அது குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளும், ஆறும்வரை தொடவிடாதீர்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கமுள்ள வீடென்றால், சாப்பாட்டு நேரத்தில் அவை உள்ளே, நாம் வெளியே.

செய்முறை இதுதான். தட்டிகளை ஒன்றோடொன்று இணைத்து ஐந்தடி நீளம், மூன்றடி அகலத்தில் நிறுத்துங்கள். இவை தாவி ஏறுபவை அல்ல என்பதால் ஒன்றேகால் அடி உயரம் போதும். கம்பிகளுக்கு இடையே ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் தலை மாட்டிக்கொள்ளும். உள்ளே இரண்டு மறைவிடம், இரண்டு நீர்ப்புட்டி, எப்போதும் தீராத புல். உலர்ந்த திமோத்திப் புல் கிடைக்காவிட்டாலோ விலை கட்டாவிட்டாலோ, பூச்சிமருந்து படாத அருகம்புல்லைக் கழுவி உலர்த்திக் கட்டுக்கட்டாகக் கொடுக்கலாம். குதிரைமசாலில் கால்சியம் மிகுதி என்பதால் வளர்ந்தவற்றுக்கு அதை எப்போதாவது கொடுத்தால் போதும். முதல் பத்து நாட்கள் தட்டியைத் திறக்கவே வேண்டாம். அந்த இடம் தம்முடையது என்ற எண்ணம் அவற்றுக்கு ஊன்றட்டும். பிறகு நாள்தோறும் மாலையில், ஒரே நேரத்தில், ஒரு தட்டியை மட்டும் விலக்குங்கள். கையால் எடுத்து வெளியே விடாதீர்கள். அவையே எட்டிப் பார்த்து, முகர்ந்து, பின்வாங்கி, மறுபடி வரட்டும். திரும்ப உள்ளே அழைக்கத் துரத்திப் பிடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஒருமுறை துரத்தினால் மறுநாள் வெளியே வராது. நான் கொத்தமல்லிக் கட்டைச் சுற்றியிருக்கும் காகிதத்தைச் சலசலப்பேன். எங்கிருந்தாலும் ‘வீக், வீக்’ என்று கத்திக்கொண்டு இருப்பிடத்துக்கு ஓடிவந்து நிற்கும். இந்தப் பழக்கம் வரச் சரியாக ஐந்து நாட்கள் ஆயின.

மூன்று மாதம் இப்படி நடந்து, கம்பியும் இடுக்கும் ஒன்றும் விடுபடவில்லை என்பது உறுதியான பிறகு, விரும்பினால் நீங்கள் வீட்டிலிருக்கும் பகல் முழுவதும் தட்டியைத் திறந்தே வைக்கலாம். இரவிலும், வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும் வேளையிலும் மூடிவிடுங்கள். பூட்டுவதற்கு முன் இரண்டையும் கண்ணால் பார்த்து எண்ணுங்கள். எங்கள் வீட்டில் ஒன்று பீரோவுக்குப் பின்னால் தூங்கிப்போய், நாங்கள் காஞ்சிபுரம் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்வரை அங்கேயே கிடந்தது. நீரில்லாமல் ஒன்பது மணி நேரம்.